தாலாட்டா, ஒப்பாரியா? ஓர் ஆய்வரங்கில் எழுந்த கேள்வி

எமது பல்கலைக்கழகங்களில் சிறப்புப் பட்டம் பயிலும் மாணவர்கள் இறுதி வருடத்தில் ஓர் ஆய்வேட்டினைச் சமர்ப்பிக்க வேண்டும். கலைப்பீடங்களில் இந்த ஆய்வேடுகளை எழுதுவோரில் பெரும்பாலானோர் பெண் பிள்ளைகளே. மாதக்கணக்கில் அலைந்து தகவல் திரட்டி, இரவிரவாகத் தட்டச்சுச் செய்து, அட்டை கட்டிக் கொடுத்துப் புள்ளியும் கிடைத்தபின் அந்த ஏடு துறையின் அலுமாரிக்குள் போய்விடுகின்றது. எழுதியவள் பட்டத்துடன் வீட்டுக்கு வந்து வேலைக்காகக் காத்திருக்கத் தொடங்குகின்றாள். நீ என்ன கண்டுபிடித்தாய் என்று அவளிடம் கேட்பார் ஒருவருமில்லை.

அண்மைக் காலங்களில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கென்றே பல பல்கலைக்கழகங்கள் ஆய்வரங்குகளை நடத்தி வருகின்றன. அலுமாரிக்குள் போகவிருக்கும் ஆய்வு சபையின் முன் வந்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இதனால் கிடைக்கின்றது. இது மாணவர்களின் முன்னேற்றத்துக்கு மாத்திரம் உரிய விடயம் என்றே நாம் எண்ணிக்கொள்கின்றோம். ஆனால் இலக்கிய ஆய்வுக்காக எமது கிராமத்துப் பெண்களின் பாடல்களும் பேச்சும் எடுத்துச் செல்லப்படும்போது, அந்த மேடையில் நடப்பது எம்மையும் தொடுகின்றது. மட்டக்களப்பைச் சேர்ந்த ஒரு மாணவியின் ஆய்வு வழியாக இதனை நான் அருகிருந்து காண முடிந்தது.

மாநாடு என்றால்

எமது மூத்தவர்களுக்கு ஆராய்ச்சி மாநாடு என்றதும் 1974 ஆம் ஆண்டுதான் ஞாபகத்துக்கு வரும். எமது நாட்டவரான தனிநாயகம் அடிகளார் முன்னின்று உழைத்ததன் பயனாக 1964 இல் புதுடில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாயிற்று. முதலாவது மாநாடு 1966 இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதன் இறுதி நாளில் உயிர்கள் பலியானதால் அந்த மாநாடு ஒரு துயர நினைவாகவே எம்மவர் மனங்களில் தங்கிவிட்டது. அக்காலத்தில் கட்டுரை படித்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களும் புலமையாளர்களும்தான். பட்டம் பெறாத ஒரு மாணவி எழுந்து நின்று தனது முடிவைச் சொல்வது அன்று நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமாக இருக்கவில்லை.

இன்று முறை மாறியிருக்கின்றது. மாணவி முதலில் தனது ஆய்வின் சுருக்கத்தை அனுப்ப வேண்டும். எதனை ஆராய்ந்தேன், ஏன் ஆராய்ந்தேன், எவ்வாறு தகவல் சேர்த்தேன், என்ன முடிவு கண்டேன் என்ற நான்கும் சுமார் 300 சொற்களுக்குள் அடங்க வேண்டும். எழுதியவர் யாரென்று தெரியாதவாறு பெயரை நீக்கி, அந்தத் துறை சார்ந்தவர்களிடம் மதிப்பீட்டுக்குக் கொடுப்பார்கள். அவர்களது திருத்தங்கள் திரும்பி வரும். ஏற்றுக்கொள்ளப்பட்டால் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசவும், அதன்பின் கேள்விகளுக்குச் சில நிமிடம் பதில் சொல்லவும் நேரம் ஒதுக்கப்படும். சுருக்கம் ஒரு தொகுப்பு நூலில் அச்சாகும்.

படுவான்கரையில் திரட்டிய பாடல்கள்

நான் குறிப்பிடும் மாணவியை அவள் உயர்தரம் படித்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். எமது பெண்கள் சங்கங்களின் கூட்டங்களுக்குத் தாயுடன் வந்து, குறிப்பெடுத்து உதவுபவள். நான் சமூகவியல் படித்தவள்; அவள் தமிழ் படிக்கச் சென்றாள். இறுதி வருட ஆய்வுக்கு மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் பெண்கள் பாடும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் எடுத்துக்கொண்டாள். களப்பணி காரணமாக அந்தப் பக்கத்துக் குடும்பங்களுடன் எனக்குப் பழக்கம் இருந்தபடியால், முதல் சில வீடுகளுக்கு நானும் உடன் சென்றேன்.

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அப்பகுதி மக்கள் பாதையில் ஏறி வாவியைக் கடந்தவர்கள். 2007 இல் யுத்தம் காரணமாக ஊரோடு இடம்பெயர்ந்தவர்கள். பாட்டு எழுதி வைத்த கொப்பிகள் இருந்த வீடுகளிலும் அவை அந்த இடப்பெயர்வோடு போய்விட்டன. எஞ்சியிருப்பது வயதான பெண்களின் ஞாபகத்தில் உள்ளது மாத்திரமே.

மட்டக்களப்பின் நாட்டார் பாடல்கள் ஆய்வாளர் கண்ணில் படாதவை அல்ல. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் அவற்றுக்கு இடம் கொடுத்தார். கலாநிதி இ. பாலசுந்தரம் இம்மாவட்டத்துப் பாடல்களை விரிவாக ஆராய்ந்தார். ஆனால் எமது மாணவி பாடல்களைக் கேட்கப் போன காலம் வேறு. இடையில் முப்பது வருட யுத்தம் நடந்து முடிந்திருந்தது. பாடுகின்றவர்கள் கணவனை, பிள்ளையை, சகோதரனை இழந்தவர்கள். ஆகவே முதலில் அனுமதி கேட்பது என்று தீர்மானித்தோம். பாடல் எதற்கு எடுக்கப்படுகின்றது, யார் கேட்பார்கள், பெயர் போடலாமா, வேண்டாமா, பிறகு மனம் மாறினால் எப்படிச் சொல்வது என்பவற்றை ஒவ்வொருவருக்கும் விளங்கப்படுத்தினாள். பதினொரு பெண்கள் பாடினார்கள். ஏழு பேர் பெயர் போடச் சொன்னார்கள். நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அந்த அனுமதி ஆய்வேட்டுக்கும் ஆய்வரங்குக்கும் கொடுக்கப்பட்டது. இந்த இதழுக்குக் கொடுக்கப்பட்டதல்ல என்பதால் எவரது பெயரையும் ஊரையும் நான் இங்கு எழுதவில்லை.

ஒரு பாட்டுக்கு எந்தப் பெயர்?

பதினொருவரில் ஒருவர் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய தாய். அவரது மகன் 1990 இல் காணாமற் போனவர். அவர் பாடியது தொட்டில் பிள்ளைக்கான தாலாட்டாகவே தொடங்கியது. அழுகின்ற பிள்ளையிடம் யார் அடித்தது என்று கேட்பதும், மாமனையும் மாமியையும் பெயர் சொல்லி அழைப்பதும் எமது தாலாட்டுகளில் வழமையானவை. அவையெல்லாம் அதில் இருந்தன. பாதிக்குப் பின் பாட்டு மாறியது. எந்த வழியால் போனாய், எங்கே சாப்பிட்டாய், எந்த வாசலில் நிற்கின்றாய் என்று கேட்கத் தொடங்கியது. குரலும் இழுபட்டது. தாலாட்டும் ஒப்பாரியும் ஓசையில் நெருங்கியவை என்று படித்தவர்கள் சொல்வதை அன்று எமது காதால் கேட்டோம்.

மாணவி கொப்பியில் ‘ஒப்பாரி’ என்ற தலைப்பின் கீழ் அதனை எழுதத் தொடங்கினாள். அந்தத் தாய்க்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். எட்டிப் பார்த்தவர் அவளது கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒப்பாரி எண்டு எழுதிராத புள்ள. நான் பாடினது தாலாட்டு. என்ட மகன் செத்துப் போனான் எண்டு நான் எங்கயும் ஒப்பம் வெக்கல்ல.”

“சரி பெத்தா, அத வெட்டிட்டன். நீங்க சொன்ன மாதிரியே எழுதிறன்” என்று அவள் அந்தச் சொல்லின் மேல் கோடிட்டுக் காட்டினாள்.

இந்த வார்த்தைகளின் கனம் எம்முடன் பணிபுரியும் எவருக்கும் விளங்கும். காணாமற் போனவரின் குடும்பத்துக்கு நீண்ட காலமாக இருந்த வழி மரணச் சான்றிதழ் ஒன்றுதான். காணியைப் பெயர் மாற்றுவதற்கும், வங்கிக் கணக்கைக் கையாளுவதற்கும், நட்டஈடு பெறுவதற்கும் அதனைக் கேட்டார்கள். பல தாய்மார் அதனை வாங்க மறுத்து, கிடைக்கவேண்டியதையும் இழந்தார்கள். 2016 இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே, ஆள் இறந்தார் என்று சொல்லாமல் காணக்கிடைக்கவில்லை என்று மாத்திரம் பதியும் சான்றிதழ் ஒன்று வந்தது. இருபத்தாறு வருடம் அரச படிவங்களில் எழுத மறுத்த சொல்லை, ஒரு மாணவியின் கொப்பியில் எழுத அந்தத் தாய் எப்படி அனுமதிப்பார்?

ஆனால் ஆய்வுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. பாடலின் பொருள், ஓசை, உருவம் ஆகியவற்றை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள். பாடியவர் எப்படிச் சொன்னாலும் பின்பாதியின் இலக்கணம் ஒப்பாரிக்குரியது. அதனை மறைத்து எழுதுவது ஆய்வுக்கு நேர்மையாகாது. மாணவி சில நாட்கள் இதிலேயே குழம்பிப்போயிருந்தாள். கடைசியில் அவள் கண்ட வழி எளிமையானது. எல்லாப் பாடல்களுக்கும் ஒரு அட்டவணை போட்டாள். ஒரு நிரலில் பாடியவர் தமது பாட்டுக்குச் சொன்ன பெயர். அடுத்த நிரலில் உருவத்தை வைத்து ஆய்வாளர் காணும் அம்சங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை ஒத்துப்போகச் செய்யவில்லை. அந்த இடங்களையே தனது ஆய்வின் மையமாக்கினாள்.

மேடை வரைக்கும்

இனி, ஒரு கிராமத்துப் பிள்ளை ஆய்வரங்கு மேடைக்குப் போவதற்கு என்னென்ன வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

முதலாவது மொழி. தமிழ் இலக்கிய ஆய்வாக இருந்தும் சுருக்கத்தை ஆங்கிலத்திலும் கேட்டிருந்தார்கள். தாலாட்டு, ஒப்பாரி என்ற சொற்களுக்கு அகராதியில் ஆங்கிலம் இருக்கின்றது. அந்த ஆங்கிலச் சொற்கள் அந்தத் தாயின் மறுப்பைத் தாங்குமா என்பதே அவளுக்குக் கவலை. ஆகவே தமிழ்ச் சொற்களை ஒலிபெயர்த்து அப்படியே வைத்து, ஒரு வரியில் விளக்கம் எழுதினாள். மதிப்பீட்டாளர்கள் அதனை ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது பணம். பதிவுக் கட்டணம், பஸ் காசு, தங்குமிடம் என்று எல்லாமாகச் சேரும்போது கூலித் தொழில் செய்யும் குடும்பத்துக்கு அது சிறிய தொகையல்ல. தாய் தனது சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார். மகனின் படிப்புக்குச் சீட்டு எடுப்பதை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. மகளின் மாநாட்டுக்கு எடுத்தபோது உறவினர் வீட்டில் இரண்டு நாள் அதுவே கதையாக இருந்தது.

மூன்றாவது அனுமதி. இரவு பஸ்ஸில் வேறு மாவட்டத்துக்குப் போவதைத் தந்தை விரும்பவில்லை. “பட்டம் தாறது அங்கயா? இல்லையே. பிறகு என்னத்துக்குப் போகணும்?” என்று கேட்டார். அவரது கேள்வியிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆய்வரங்கில் பேசியதற்காகப் பட்டத்தின் வகுப்பு உயரப் போவதில்லை. “பாட்டுத் தந்த ஆக்களிட்ட நான் இத நாலு பேர் கேக்கச் சொல்லுவன் எண்டு சொல்லிற்று வந்திருக்கன் அப்பா” என்றாள் அவள். நான் உடன் போவது என்ற ஏற்பாட்டில் அவர் சம்மதித்தார்.

நான்காவது பயிற்சி. பன்னிரண்டு நிமிடம் என்பது குறுகிய நேரம். எமது சங்கக் கட்டடத்தில் ஆறேழு பெண்களை இருத்தி மூன்று தடவை பேசிப் பார்த்தாள். முதல் தடவை இருபத்தைந்து நிமிடம் போயிற்று. முன்னுரையும் ஊர் வரலாறும் அதில் பாதியைத் தின்றுவிட்டன. சங்கத்தின் பொருளாளராக இருக்கும் அக்கா, “தங்கச்சி, நீங்க சொல்ல வந்தது அந்தப் பெத்தாட கத. அதுக்கு வரமுன்னமே எனக்கு அலுத்துப் போச்சி” என்று பட்டென்று சொன்னார். அதன்பின் அட்டவணையை இரண்டாவது நிமிடத்திலேயே காட்டுவது என்று முடிவாயிற்று.

அரங்கில் நடந்தது

அன்று அந்த அமர்வில் ஐந்து மாணவர்கள் பேசினார்கள். ஏறத்தாழ நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எமது பிள்ளையின் முறை வந்தபோது குரல் முதலில் நடுங்கியது. திரையில் அட்டவணை வந்ததும் நிதானத்துக்கு வந்துவிட்டாள். அந்தத் தாயின் பாடலை ஒலிபரப்பவில்லை. அதற்கு அவர் அனுமதி தரவில்லை. பாடல் எந்த இடத்தில் மாறுகின்றது என்பதைச் சொற்களில் விளக்கினாள்.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருந்த ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். “மகள், உங்களது உழைப்பு நன்றாக இருக்கின்றது. ஆனால் பாடுகின்றவர் வைக்கும் பெயரையே நாம் ஏற்றுக்கொண்டால் வகைப்பாடு என்பதே இல்லாமல் போய்விடுமே. ஓர் ஊரின் பாடலை இன்னோர் ஊரின் பாடலுடன் எப்படி ஒப்பிடுவது? இது இலக்கிய ஆய்வா, சமூக சேவையா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அதட்டலாகவும் கேட்கவில்லை. எனினும் எனது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தது அவளது காதிலும் விழுந்திருக்கும்.

அவள் சிறிது நேரம் எடுத்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். “சேர், புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள பாடலைக் கையறுநிலை என்று படிக்கின்றோம். அந்தத் துறைப் பெயரைப் பாடியவர்கள் இடவில்லை, பின்னால் தொகுத்தவர்கள் இட்டார்கள் என்பதே ஆய்வாளர் கருத்து. பாரி மகளிரிடம் போய்க் கேட்க எங்களுக்கு வழியில்லை. இந்தத் தாயிடம் கேட்க வழி இருந்தது. கேட்டதை நான் பதிந்திருக்கின்றேன். இரண்டாவது நிரல் இருப்பதால் ஒப்பிடுவதற்குத் தடையில்லை. முதலாவது நிரலை எடுத்துவிட்டால், அவர் மகனை இறந்தவராகக் கருதிப் பாடினார் என்ற பிழையான தகவல் எனது ஆய்வில் வந்துவிடும்.”

பேராசிரியர் தலையசைத்தார். பின்னர், பேராசிரியர் கைலாசபதி சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்து ஆராய்ந்து 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலை நினைவூட்டி, அதனையும் படித்து ஆய்வினை விரிவாக்குமாறு சொன்னார். வகைப்பாடு பற்றிய தனது கருத்தை அவர் முற்றாக மாற்றிக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு அட்டவணையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சிறந்த ஆய்வுக்கான பரிசு வேறொரு மாணவருக்குக் கிடைத்தது.

திருப்பிக் கொடுத்தது

வந்து இரண்டு வாரத்தில் அவள் மீண்டும் படுவான்கரைக்குப் போனாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாடிய பாடல்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தாள். அரங்கில் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னாள் என்பதை வீடு வீடாக இருந்து கதைத்தாள்.

அந்தத் தாய் தாளை வாங்கித் தலைப்பைத்தான் முதலில் பார்த்தார். ‘தாலாட்டு’ என்றிருந்தது. கீழே தனது பெயர் இருந்தது. உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். எம்மைப் போன்றவர்கள் பல வீடுகளில் கண்டிருக்கும் பை அது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, 1994 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கும், 2010 இன் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும், 2013 இன் பரணகம ஆணைக்குழுவுக்கும் கொடுத்த கடிதங்கள், காணாமற் போனோர் அலுவலகத்தின் பதிவுத் துண்டு, ஓரம் மங்கிய ஒரு படம். அவற்றோடு இந்தத் தாளையும் மடித்து வைத்தார்.

“அவங்க கேட்டாங்களா புள்ள?” என்றார்.

“கேட்டாங்க பெத்தா. தாலாட்டு எண்டுதான் சொன்னன்.”

நாம் செய்யக்கூடியவை

இந்த அனுபவத்திலிருந்து சில விடயங்களை வாசகியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

ஆய்வு செய்யும் மாணவிகள், பெண்களிடமிருந்து பாடலோ கதையோ பெறும்போது ஆய்வேட்டுக்கு ஒரு அனுமதியும், சபையில் சொல்வதற்கு ஒரு அனுமதியும், குரலை ஒலிக்கவிடுவதற்கு ஒரு அனுமதியும் தனித்தனியாகப் பெறுங்கள். பெயர் வேண்டும் என்பவரின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். ‘ஒரு மூதாட்டி’ என்று எழுதி அவரை இல்லாமற் செய்யாதீர்கள். ஆய்வு முடிந்ததும் ஒரு பிரதியுடன் திரும்பிப் போங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகளுக்கு ஆய்வரங்கில் இடம் கிடைத்தால், அதனால் என்ன பயன் என்று கேட்பதோடு நிறுத்தாமல், என்ன சொல்லப் போகின்றாய் என்றும் கேளுங்கள். பலருக்கு முன் எழுந்து நின்று, கேட்ட கேள்விக்கு ஆத்திரப்படாமல் காரணத்தோடு பதில் சொல்லிப் பழகிய பெண், பிரதேச செயலகத்திலும் வேலைத்தளத்திலும் வாய் திறக்கத் தயங்க மாட்டாள்.

எமது பெண்கள் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாணவிகளின் பயணச் செலவுக்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். போவதற்கு முன் ஒருநாள் மாலையில் அவளைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லிக் கேட்கலாம். அவளுக்குப் பயிற்சி, எமக்கு அறிவு.

இறுதியாக, பாட்டும் கதையும் தெரிந்த அம்மாமாருக்கும் பெத்தாமாருக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளை கொப்பியுடன் உங்கள் வாசலுக்கு வந்தால் பாடுவதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். பாடினால், அவள் என்ன எழுதுகின்றாள் என்று எட்டிப் பாருங்கள். பிழையாக இருந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.